மாண்டெஸ்கியூ அடிமை முறையை ஆதரித்தாரா?

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு என் மகள் எழுதிய உரையில், அடிமை முறையை எதிர்த்தவர் என்று பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவைக் குறிப்பிட்டிருந்தாள். கறுப்பர்கள் மீது இரக்கப்பட முடியாது என்று அவரே எழுதிய வரியைத் தோழி ஒருத்தி காட்டியதும் குழம்பிப்போயிருக்கிறாள். அவர் பெயரை நீக்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீக்க வேண்டாம் அம்மா. அந்த வரி உண்மைதான். 1748-இல் ஜெனீவாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'சட்டங்களின் ஆன்மா' நூலின் பதினைந்தாம் பகுதியில், ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தையும் தோழி காட்டியிருக்க வேண்டும். கறுப்பர்களை அடிமையாக்கும் உரிமைக்காக நான் வாதாட நேர்ந்தால் இப்படித்தான் பேசுவேன் என்று ஆரம்பித்து, அடிமை முறைக்குப் பரிந்து பேசுபவர்களின் குரலிலேயே வாதங்களை அடுக்குகிறார். அடிமைகள் இல்லாவிட்டால் சர்க்கரை விலை ஏறிவிடுமாம். மூக்கு சப்பையாக இருப்பதால் அவர்கள் மீது இரக்கம் வராதாம். தங்கத்தைவிடக் கண்ணாடி மாலையை விரும்புவதால் அறிவில்லாதவர்களாம். இத்தனையும் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றுகிறார்: இவர்களை மனிதர்கள் என்று ஏற்க வழியில்லை, ஏற்றால், நாம் கிறிஸ்தவர்கள்தானா என்ற சந்தேகம் வந்துவிடும்!

தொண்டைமானின் மெருகு குலையாத படைக்கலங்களை ஔவை 'புகழ்ந்த' புறநானூற்றுப் பாடலைப் படித்த பெண்ணுக்கு, புகழ்வதுபோல் இகழும் இந்த வகைக் கேலி விளங்காமல் போகாது.

அவருடைய நேரடி வாதம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒருவன் தன்னையே விற்றுக்கொள்ளலாம் என்ற ரோமானியச் சட்டவாதிகளின் கருத்தை அங்கே உடைக்கிறார். விற்பனை என்றால் விலை வேண்டும். அடிமையின் உடைமை முழுவதும் எஜமானுக்கே போகும்போது, கொடுக்கப்பட்ட விலை யாரிடம் இருக்கிறது? வழக்கறிஞர் மூளை! போர்தோ நகர நீதிமன்றத்தில் தலைவர்களில் ஒருவராக இருந்தவர் அல்லவா? அதே போர்தோ, அடிமை வணிகத்திலும் கரீபியன் தீவுகளின் சர்க்கரையிலும் கொழுத்த துறைமுகம். சர்க்கரை விலை பற்றிய அந்தக் கிண்டல் சொந்த ஊர்க்காரர்களுக்கும் உறைத்திருக்கும்.

உங்கள் மகள் தயாராக இருக்க வேண்டியது ஏழாம் அத்தியாயத்துக்கு. வெப்பம் மிகுந்த நாடுகளில் தண்டனைப் பயம் இல்லாமல் மனிதர்கள் கடும் வேலை செய்யமாட்டார்கள், ஆகவே அங்கே அடிமை முறை அறிவுக்கு அவ்வளவு முரணாகத் தெரிவதில்லை என்கிறார். இதில் கிண்டல் எதுவும் இல்லை. நடுவர் இதைக் கேட்டால் மழுப்பாமல் ஒப்புக்கொள்ளட்டும். தோட்ட முதலாளிகளுக்கு இந்தத் தட்பவெப்ப வாதம் வசதியான துணையாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே அவருக்கு மனம் உறுத்துகிறது. இதை எழுதவைப்பது அறிவா, இதயமா என்று தெரியவில்லை என்றுகூறி, சுதந்திர மனிதர்களைக் கொண்டு வேலை வாங்க முடியாத தட்பவெப்பமே பூமியில் இல்லாமல் இருக்கலாம் என்கிறார். மோசமான சட்டங்கள் சோம்பேறிகளை உண்டாக்கின, சோம்பேறிகள் என்பதால் அவர்களை அடிமையாக்கினார்கள் என்று பழியைச் சட்டத்தின் மேல் போடுகிறார். உடனடி விடுதலைக்குத் திட்டம் எதுவும் அவர் தரவில்லை என்பதையும் மகள் சொல்லிவிடுவது நல்லது.

உரைக்கு நேரம் போதாவிட்டால் ரோமச் சட்டப் பகுதியைச் சுருக்கலாம். ஒன்பதாம் அத்தியாயத்தின் சீட்டுக் குலுக்கலை மட்டும் விட வேண்டாம்: அடிமை முறை வேண்டும் என்பவர்கள், நாட்டில் யார் அடிமை, யார் சுதந்திர மனிதர் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யச் சம்மதிப்பார்களா என்று அதில் கேட்கிறார்.