தண்ணீரைப் பிரிக்கும் ஆக்சைடுகள்: சேலத்து வாசகர்களுக்குப் பதில்கள்

ஒன்றரை வோல்ட் பேட்டரியில் இரண்டு பென்சில் முனைகளை இணைத்து, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் வைத்தேன். 1.23 வோல்ட் போதும் என்று படித்தேனே, குமிழியே வரவில்லை. ஏன்? (பிளஸ் டூ மாணவி, அம்மாபேட்டை)

படித்தது சரிதான். 1.23 வோல்ட் என்பது தண்ணீர் பிரிவதற்குக் கட்டாயம் வேண்டிய குறைந்தபட்சம். ஆனால் வழியில் ஒரு மேடு இருக்கிறது. அதைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஏற்காடு எவ்வளவு உயரமோ அவ்வளவு ஏறித்தான் ஆக வேண்டும். அதைவிட உயரமான குன்றில் ஏறி இறங்கிப் போகாமல் இருக்க வழி செய்வதுதான் வினையூக்கியின் வேலை.

மேடு பெரிதாக இருப்பது ஆக்சிஜன் பக்கம்தான். ஹைட்ரஜன் உருவாக இரண்டு எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்தால் போதும். ஆக்சிஜனுக்கோ இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கி, இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் புதிதாகப் பிணைக்க வேண்டும். பென்சில் கரிக்கு அந்தத் திறமை குறைவு. 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள், குமிழி வரும். இரண்டு முனைகளிலும் சோதனைக் குழாய் கவிழ்த்து வைத்தால் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு சேர வேண்டும். ஆக்சிஜன் அதைவிடக் குறைவாக இருந்து, அடியில் கறுப்புத் தூள் படிந்தால் பயப்பட வேண்டாம். நேர்மின்வாயில் இருக்கும் கரியே ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அரிக்கப்படுகிறது.

சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு மட்டும் வேண்டாம். குளோரின் வாயு வரும்.

கஞ்சமலை இரும்புக் கல்லை வினையூக்கியாக்க முடியுமா? உள்ளூரிலேயே கிடைக்கிறதே! (பொறியியல் மாணவர், ஓமலூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கஞ்சமலையில் இருப்பது மாக்னடைட், காந்தம் இழுக்கும் கறுப்பு ஆக்சைடு. கல்லை அப்படியே போட்டால் பெரிய பயன் இல்லை, கூடவே குவார்ட்ஸும் கலந்திருக்கிறது. ஆனால் இரும்பை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் வரும் முனையில் அந்த வோல்ட்டேஜில் பெரும்பாலான உலோகங்களின் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடும். அதனால்தான் அங்கே எப்போதும் ஆக்சைடுகளைப் பற்றியே பேசுகிறோம். அமிலத்தில் ஓடும் கருவிகளுக்கு இரிடியம் ஆக்சைடு வேண்டும், மலிவான ஆக்சைடுகள் அதில் கரைந்துபோகும். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் பத்து டன்னுக்கும் குறைவு. காரக் கரைசல் என்றால் கதை வேறு. அங்கே நிக்கலும் இரும்பும் சேர்ந்தாலே போதும்.

இதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. நிக்கலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் ஓட்டினால் நாளாக நாளாக நன்றாக வேலை செய்யும். நிக்கல் பக்குவப்படுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் கரைசலில் அசுத்தமாக இருந்த துளி இரும்பு நிக்கல்மேல் ஏறிக்கொண்டிருந்தது. 1987-இல் காரிகன் என்ற ஆய்வாளர் இரும்பின் இந்தப் பங்கைக் காட்டினார். 2014-இல் வந்த ஆய்வு, இரும்பை முழுதாக நீக்கிவிட்டால் நிக்கல் ஆக்சைடு சுமாரான வினையூக்கிதான் என்று உறுதி செய்தது.

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை உருட்டித் தருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண 304 ரகத்தில் இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதைக் காரக் கரைசலில் நேர்மின்வாயாக ஓட்டினால் மேற்பரப்பில் நிக்கல்-இரும்பு ஆக்சைடு படலம் உருவாகும். உங்கள் புராஜெக்டை அங்கிருந்து தொடங்குங்கள். குரோமியம் கரைந்து நச்சாக வரலாம், அதனால் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையோடு, ஆசிரியர் பார்வையில் செய்யுங்கள். கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

சேர்வராயன் பாக்சைட்? (அதே மாணவர்)

உதவாது. பாக்சைட்டில் முக்கியமாக இருப்பது அலுமினியம் ஆக்சைடு, அது மின்சாரத்தைக் கடத்தாது.

கொலுசுக்கு முலாம் போடும் தொட்டியில் வரும் குமிழி ஹைட்ரஜனா? (செவ்வாய்ப்பேட்டை)

பொருள் தொங்கும் எதிர்மின்வாயில் வருவது ஹைட்ரஜன்தான். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெள்ளி முலாம் கரைசலில் சயனைடு இருக்கும். அதில் அமிலம் பட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அந்தத் தொட்டியில் சோதனை எதுவும் வேண்டாம்.

கரண்ட் இல்லாமல் வெயிலிலேயே பிரிக்க முடியாதா? (காபித் தோட்டக்காரர், ஏற்காடு)

முடியும். 1972-இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். அது புற ஊதாக் கதிரைத்தான் பிடிக்கும், வெயிலில் அது சுமார் ஐந்து சதவீதம்தான். சிவப்புத் துருவான ஹெமடைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடிக்கும். ஆனால் ஒளி கிளப்பிய மின்னூட்டம் சில நானோமீட்டர் தூரம் போவதற்குள் அணைந்துவிடுகிறது.

இதில் கெட்டிக்காரன் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது, ஐயா. ஒவ்வொரு காபி இலைக்குள்ளும் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. அதுவும் உலோக ஆக்சைடுதான். அதுதான் தண்ணீரைப் பிரித்து நமக்கு ஆக்சிஜன் தருகிறது. நல்ல வெயிலில் அதைத் தாங்கும் புரதம் அரை மணிக்கொரு முறை பழுதாகிறது, இலை உடனே புதிதாக மாற்றிக்கொள்கிறது. மனிதர் செய்த ஆக்சைடுகளுக்கு இந்தப் பழுதுபார்க்கும் வித்தை இன்னும் சரியாக வசப்படவில்லை.

தண்ணீரில் பைக் ஓடும், வினையூக்கிப் பெட்டி மாட்டினால் போதும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (அயோத்தியாப்பட்டணம்)

கொடுக்காதீர்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரும், இன்றைய கருவிகளில் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அதை எரித்தால் திரும்பக் கிடைப்பது 33 யூனிட். எந்த வினையூக்கியாலும் அந்தக் கணக்கைத் தலைகீழாக்க முடியாது. பைக் பேட்டரியிலிருந்து அந்தப் பெட்டி எடுக்கும் மின்சாரமும் கடைசியில் உங்கள் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது.