பால்வாடி சாப்பாடும் ஆயாம்மாவின் கரண்டியும்: கேட்டவைக்குப் பதில்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஊர்களிலும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சத்துணவுப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருஷம் என் வேலை, இப்போது ஓய்வு. குழந்தைகள் சாப்பாடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் மெனுவை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மெனு ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது. மூட்டையில் வருகிற பருப்பும் தட்டில் வருகிற முட்டையும் குழந்தை வயிற்றுக்குள் போய்ச் சேரும் வரைக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறதே, அந்தக் கைக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை. பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், குறிஞ்சிப்பாடி பக்கம்): மேடம், எல்லாக் குழந்தைக்கும் ஒரே சாப்பாடுதான் போடுகிறோம். ஆனால் நாலைந்து பேருக்கு மட்டும் எடை ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஒரே சாப்பாடுதானா என்று முதலில் பார்த்துவிடுவோம் தங்கச்சி. ஒரு மையத்தில் நான் வரிசையின் கடைசியில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். 22 குழந்தைகள். முதலில் உட்கார்ந்திருந்த குட்டிப்பெண் தட்டில் சோற்றின் மேல் மஞ்சள் தண்ணீர் மாதிரி சாம்பார் ஓடுகிறது, கடைசிப் பையன் தட்டில் பருப்பு கெட்டியாக, கூழ் மாதிரி நிற்கிறது. ஒரே பானைதான். பருப்பு அடியில் தங்கிவிட்டது, ஆயாம்மா மேலாக மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வருகிறார். அவர் எந்தக் குழந்தையையும் வஞ்சிக்கவில்லை, ஒவ்வொரு கரண்டிக்கும் அடியோடு கிளறி எடுங்கள் என்று அதுவரை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். அப்புறம் பாருங்கள், குழந்தைகள் தினமும் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். அப்படியானால் அந்தக் குட்டிப்பெண்ணுக்கு மாசக்கணக்கில் தண்ணீர்தானே போயிருக்கும்?

அதனால் நாளைக்கே கிளறிப் போடச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒருமுறை பரிமாறுவதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகும் ஏறவில்லை என்றால் குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா, அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறதா, வீட்டில் என்ன சாப்பிடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். புஜத்தின் நடுவில் டேப் வைத்து அளக்கும்போது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அது கரண்டியால் சரியாகிற விஷயம் இல்லை.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், வில்லியனூர்): அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்று அம்மாக்கள் சண்டைக்கு வருகிறார்கள். எங்கள் ஆயா அதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார். சரியா?

பொறுக்க வேண்டாம், அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, திரும்ப அரிசி வடிவத்தில் அழுத்தி எடுத்து, 100 சாதாரண அரிசிக்கு 1 என்ற கணக்கில் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். அம்மாக்களைக் கூப்பிட்டு அவர்கள் கண் முன்னால் ஒரு பிடியை வேகவைத்துக் காட்டுங்கள், மற்ற அரிசியோடு குழைந்து வெந்துவிடும். பிளாஸ்டிக் வேகுமா? தலசீமியா மாதிரி ரத்த நோய் இருக்கிற குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அரிசியை நாலைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவுவதும், வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவதும் பல இடத்தில் நடக்கிறது. பி வைட்டமின்கள் தண்ணீரோடு போய்விடும். இரண்டு தண்ணீர் போதும். அளந்து தண்ணீர் வைத்துப் பொங்கிவிட்டால் வடிக்கிற வேலையே இல்லை.

கேள்வி (ஒரு அம்மா, தேவனாம்பட்டினம்): என் மகனுக்கு மூணரை வயசு. பால்வாடி சாப்பாடு பிடிக்காது, வீட்டுக்கு வந்து மீன் குழம்பு இருந்தால்தான் சாப்பிடுவான். அங்கே சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் அக்கா?

மீன் சாப்பிடுகிற பிள்ளை கெட்டுப்போக மாட்டான், பயப்படாதே. நெத்திலியை முள்ளோடு மெல்லக் கற்றுக்கொண்டால் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். கருவாடு என்றால் உப்பு அதிகம், ஊறவைத்துக் கழுவிக் கொஞ்சமாகக் கொடு. ஆனால் மையத்துச் சாப்பாட்டை விட்டுவிடாதே. 3 முதல் 6 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் மையத்திலிருந்து போகணும் என்பது அங்கன்வாடித் திட்டத்துக்கு 2013ல் வைத்திருந்த கணக்கு. அந்த வயசுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. மிச்சத்தை வீடுதான் கொடுக்கணும். அவன் ஏன் அங்கே சாப்பிடவில்லை என்று டீச்சரிடம் உட்கார்ந்து பேசு. பெரும்பாலும் காரம்தான் காரணம். பெரியவர்கள் நாக்குக்கு உப்பும் மிளகாயும் சரிபார்த்து இறக்கிவிடுகிறார்கள், மூணு வயசு நாக்கு அதைத் தாங்காது.

கேள்வி (மேற்பார்வையாளர், கடலூர் மாவட்டம்): மாசம் ஒரு செக்டார் மீட்டிங்தான் (என் பொறுப்பில் இருக்கிற மையங்களின் கூட்டம்), அதிலும் பாதி நேரம் பதிவேடு, செல்போன் செயலியில் ஏற்றுவது என்றே போய்விடுகிறது. ஊட்டச்சத்துப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். அதில் என்ன சொல்லித்தர முடியும்?

நீங்கள் கேட்டதற்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கணும், அது அடுப்பு பக்கத்தில் நடக்கணும்.

ஆரம்பத்தில் நானும் ஒரு மண்டபத்தில் 120 பேரை உட்காரவைத்து, திரையில் புரதம், கலோரி, வைட்டமின் என்று படம் படமாகக் காட்டினேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாசம் கழித்து மையங்களுக்குப் போய்ப் பார்த்தால் கீரை அன்றைக்கும் நறுக்கிய பிறகுதான் கழுவப்படுகிறது, முட்டை அன்றைக்கும் ஆறிப்போய்த் தட்டோரத்தில் கிடக்கிறது. நோட்டில் இருந்தது அடுப்புக்கு வரவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் சமைக்கிற ஆயாம்மாக்களில் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. கூப்பிட்டது பணியாளர்களை மட்டும்தான்.

அதன் பிறகு மாற்றிக்கொண்டோம். ஒரு மையத்தில் பதினைந்து பேர், பணியாளரும் உதவியாளரான ஆயாம்மாவும் ஜோடியாக. அவர்களுக்கு வருகிற அதே அரிசி, அதே பருப்பு, அதே அடுப்பு. முதல் மாசம் அளப்பது: தலைக்கு 10 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 200 கிராம், அதை ஒரு டம்ளரில் கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே நகப்பூச்சால் ஒரு கோடு. அவ்வளவுதான் பாடம், அந்த டம்ளர் அவரோடு மையத்துக்குப் போய்விடும். அடுத்த மாசம் கீரையும் காயும்: கழுவிவிட்டு நறுக்குவது, பெரிசாக நறுக்குவது, தண்ணீர் கொதித்த பிறகு போட்டு மூடிவைத்து வேகவிடுவது, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சாம்பாரில் சேர்ப்பது.

அடுத்த மாசம் சத்துமாவுக் கஞ்சி. இங்கே கொஞ்சம் நிற்கணும். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணியாகக் கரைத்த கஞ்சி ஒரு டம்ளர் குடித்தால் வயிறு நிரம்பிவிடும், சத்து போகாது. கெட்டியாக வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, விழுங்க மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி நம் பாட்டிகளுக்குத் தெரியும்: கேவுரை, அதாவது கேழ்வரகை, முளைகட்டிக் காயவைத்து அரைப்பது. முளைக்கும்போது உண்டாகிற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது, அதனால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி இளகலாகவே இருக்கும், உள்ளே போகிற சத்து கூடும். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று ஓடாமல் மெல்ல வழியணும், அந்தப் பதத்தைப் பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் கையால் எடுத்துப் பார்க்கணும். மேலே ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டால் அதில் மட்டும் 45 கலோரி. எண்ணெய் ஆகாது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அந்தப் பயம் பெரியவர்களுக்கு உரியது. கீரையிலும் பரங்கிக்காயிலும் இருக்கிற வைட்டமின் ஏ உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்கக் கேள்வித்தாள் வேண்டாம். இரண்டு வாரம் கழித்துச் சொல்லாமல் போய், சாப்பாடு முடிந்த நேரத்தில் தட்டுகளில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று பாருங்கள். அதை அவர்களோடு சேர்ந்து பாருங்கள், அதிகாரியாக நின்று குறிப்பெடுத்தால் அடுத்த முறை தட்டை மறைத்துவிடுவார்கள்.

கேள்வி (பணியாளர், பாகூர்): முருங்கைக்கீரை போட்டால் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி ஓரம் வைக்கிறார்கள் மேடம். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு புது ருசிக்குக் குழந்தை பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும், நாம் மூன்றாவது தடவையிலேயே இதுக்குப் பிடிக்காது என்று முத்திரை குத்திவிடுகிறோம். இலையை வதக்கி அரைத்துப் பருப்போடு கலந்தால் பொறுக்க முடியாது, சரி, ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது இலையாகவே கண்ணில் படட்டும். நீங்களும் அதே தட்டில் அதே சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். டீச்சர் சாப்பிடுகிறதைக் குழந்தை சாப்பிடும், இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, அது அதைத் தடுத்துவிடும், பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

கேள்வி (மழலையர் பள்ளி நடத்துபவர், லாஸ்பேட்டை): டப்பாவில் பிஸ்கட், நூடுல்ஸ்தான் வருகிறது. பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பியும் பலன் இல்லை.

சுற்றறிக்கைக்கு முன்னால் உங்கள் டீச்சர்களைப் பாருங்கள். ரைம்ஸ் சொன்னால் சாக்லேட், அழுதால் பிஸ்கட், பிறந்தநாள் என்றால் கேக். குழந்தை இனிப்பைப் பரிசாகக் கற்றுக்கொள்வது உங்கள் வகுப்பில்தான். டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, நாலு பேர் நாலு சிற்றுண்டி செய்து எல்லாரும் ருசி பார்க்கட்டும்: பயறு சுண்டல், கேவுரு அடை, எள்ளுருண்டை, மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை. சீசனில் பண்ருட்டி பலாச்சுளை வைத்தாலே போதும், கொட்டையை எடுத்துவிட்டு நறுக்கிக் கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, 4 முதல் 6 வயசுக்கு ஒரு நாள் தேவையே 550தான்.

எச்சரிக்கையாக ஒன்று: முழு மல்லாட்டை, முழு திராட்சை, முழுக் கொண்டைக்கடலை இவை சின்னக் குழந்தை தொண்டையில் அடைத்துவிடும். உடைத்து, மசித்து, நறுக்கித்தான் தரணும். சாப்பிடும்போது ஓடவிடக் கூடாது. இதை எல்லா ஊழியருக்கும், வண்டி ஓட்டுகிற அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

கேள்வி (ஒரு தாத்தா, நெல்லிக்குப்பம்): பேத்திக்குக் கடையில் விற்கிற சத்துப் பானம் கொடுத்தால் உயரம் கூடுமா?

கூடாது ஐயா. அதில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பாலும் அளவோடு போதும், பாலிலேயே வயிற்றை நிரப்பினால் சோறு இறங்காது, ரத்தசோகை வரும்.

கேள்வி (பலர்): மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறது, கெட்டுப்போன முட்டையா?

இல்லை, அதிக நேரம் வேகவைத்ததால் வந்த நிறம், சாப்பிடலாம். கொதி வந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், அந்த வளையம் வராது. கருவைத் துப்புகிற குழந்தைக்குச் சூடான சோற்றில் மசித்துக் கலந்து கொடுங்கள். நாற்றம் அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (உதவியாளர், கடலூர் முதுநகர். மகளை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்): நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். பயிற்சிக்கு டீச்சரை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். இந்தப் புரதம், வைட்டமின் எல்லாம் எனக்குப் புரியுமா அம்மா?

புரியும் ஆயாம்மா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ரொம்ப வருத்தமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. 1975ல் ஐசிடிஎஸ் (அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) வந்ததிலிருந்தும், 1982ல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதிலிருந்தும் இத்தனை வருஷமாக அடுப்பில் நின்றவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான், பயிற்சிக்கு மட்டும் பல இடங்களில் உங்களைக் கூப்பிடுவதில்லை. இந்த வார்த்தைகளை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். பருப்பும் முட்டையும் பயறும் பிள்ளையை வளர்க்கும், சோறும் எண்ணெயும் ஓடியாடத் தெம்பு கொடுக்கும், கீரையும் காயும் கண்ணுக்கும் ரத்தத்துக்கும். தட்டில் மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுப்பில் நில்லுங்கள், பரிமாறும் முன் பிள்ளைகள் கையையும் கழுவவிடுங்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். ஒரே அளவுக் கரண்டி, அடியோடு கிளறல். தட்டில் எதை விடுகிறார்கள், எதை இன்னும் கேட்கிறார்கள் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கள் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த செக்டார் மீட்டிங்குக்கு டீச்சர் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்று சொல்லுங்கள், மேலே எழுதிய மேற்பார்வையாளர் உங்கள் மாவட்டம்தான். வரும்போது உங்கள் கரண்டியையும் பருப்பு அளக்கிற டம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.