வாசகர் கேள்வி பதில்: நவஹோ ஊர்ல ஊழியத்துக்குப் போன பையன்

கேள்வி (நாகர்கோவில் வாசகி): என் பொண்ணு அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ல இருக்கா. பக்கத்து வீட்டுல மார்மன்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், அந்த வீட்டுப் பையன், 19 வயசுதான், ரெண்டு வருஷம் நவஹோங்கற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்கிட்ட ஊழியம் பண்ணப் போயிருக்கானாம். தினமும் பிரசங்கம்தானா, இல்ல வேற என்ன பண்ணுவாங்க?

பதில்: பிரசங்கமும் உண்டும்மா, உடம்பு வேலையும் இருக்கும். மார்மன் சபைல பசங்க 18 வயசுலயே போகலாம், சம்பளம் கிடையாது, குடும்பம் சேர்த்து வச்ச காசுலதான் ஓடும். காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், எப்பவும் ஜோடியாத்தான் சுத்தணும். வீட்டுக்கு வாராவாரம் போன் பேசலாம்னு விட்டதே 2019லதான், அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸ்க்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் அம்மா குரலைக் கேக்க முடியும்.

நவஹோ தேசம்னு சொல்றது அமெரிக்காவுக்கு உள்ளயே அவங்க சொந்தமா ஆட்சி பண்ற நிலம், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டானு மூணு மாநிலத்துல பரவிக் கிடக்கு, சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல, ஆனா குடியிருக்கற ஜனம் ரெண்டு லட்சம் கூட இல்ல. அதனால ஒரு வீட்டுலருந்து அடுத்த வீட்டுக்குப் போகவே மைல் கணக்குல மண் ரோடு, ஜூலை ஆகஸ்ட்ல மழை கொட்டுச்சுன்னா அந்தச் செம்மண் குழம்பாகி வண்டி அச்சு வரைக்கும் இறங்கிரும். வீட்டுக்கு முன்னாடி போய் நின்னதும் இறங்கி கதவைத் தட்டறது அங்க மரியாதை இல்ல, வண்டியிலேயே உக்காந்திருக்கணும், உள்ள இருக்கறவங்க வெளிய வந்து பார்த்துக் கூப்பிட்டாத்தான் இறங்கணும். ஹோகன்னு சொல்ற அவங்க பழைய வீட்டுக்கு வாசல் எப்பவும் கிழக்குப் பார்த்துதான், உள்ள நுழைஞ்சா இடமிருந்து வலமாச் சுத்திப் போய் உக்காரணும். கைகுலுக்கும்போது இறுக்கிப் பிடிக்காம லேசாத் தொட்டு விடணும். இதெல்லாம் பையன் முதல் வாரத்துலயே கத்துக்கிட்டாகணும்.

இப்ப தண்ணி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அவன் கை குடுக்கற வேலைல இதுவும் ஒண்ணா இருக்கலாம். அங்க கிட்டத்தட்ட 30 சதவீத வீட்டுக்கு இன்னைக்கும் குழாய்த் தண்ணி கிடையாது, அமெரிக்காவுக்கு உள்ளயேதான் சொல்றேன். பிக்கப் வண்டி பின்னாடி பெரிய பிளாஸ்டிக் டேங்க்கை ஏத்திக் கயிறு போட்டுக் கட்டி, பொதுக் குழாய்க்குப் போய் வரிசைல நின்னு நிரப்பிட்டு, ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வரணும், மூடி சரியா இறுகலைன்னா ரோட்டு மேடு பள்ளத்துல அலம்பி வழியெல்லாம் கொட்டிட்டே வரும், அப்புறம் அதை ட்ரம்முக்கு மாத்தி, பாட்டி சமையலுக்கு ஒரு பங்கு, ஆட்டுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சு வைக்கணும். தனியா இருக்கற பாட்டிங்களுக்கு இதைச் செஞ்சு குடுக்க ஒரு இளவட்டம் வந்தா அது எவ்வளவு பெரிய உதவின்னு நினைச்சுப் பாருங்க. குளிர்காலத்துக்கு முன்னாடி ஜூனிப்பர், பின்யான் விறகு வெட்டி அடுக்கறது இன்னொரு பெரிய வேலை, மேட்டு நிலம், பனி பெய்யும், விறகு அடுப்புதான் பல வீட்டுக்குச் சூடு.

சாப்பாடு பத்தி கவலைப்பட வேணாம். ஆட்டுக்கறி ஸ்டூ, எண்ணெயில பொரிச்ச ரொட்டி, நீலச் சோளக் கூழ் எல்லாம் உண்டு, அந்தக் கூழ்ல ஜூனிப்பர் சாம்பலைக் கலந்துதான் காய்ச்சுவாங்க, சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): இப்படி வெளியாளுங்க வந்து மதம் சொல்றது அந்த மக்களுக்குப் பிடிக்குமா?

பதில்: ஒரே பதில் கிடையாது. ஒரே குடும்பத்துல அண்ணன் சர்ச்சுக்குப் போவார், அம்மா பழைய சடங்குக்காரரைக் கூப்பிட்டு வைத்தியம் பார்ப்பாங்க, மாமா பெயோட்டிங்கற போதை தர்ற கள்ளிச்செடியை வச்சு வழிபடற பூர்வகுடிச் சபைல இருப்பார், எல்லாரும் ஒரே அடுப்புல சாப்பிடுவாங்க. ஆனா பழைய காயம் பெருசு. 1864ல ராணுவம் அவங்களை நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு நாடு கடத்துச்சு, 1868ல ஒப்பந்தம் போட்டுத்தான் திரும்பி வந்தாங்க. அதுக்கப்புறம் அரசாங்கமும் சபைகளும் நடத்துன விடுதிப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க முடியை வெட்டி, தாய்மொழி பேசினா அடிச்சாங்க. மார்மன் சபையே 1947லருந்து பல பத்து வருஷம் ஆயிரக்கணக்கான பூர்வகுடிப் பிள்ளைங்களைப் படிப்புக்குன்னு வெள்ளைக்காரக் குடும்பங்கள்ல கொண்டு போய் வச்சுது, படிப்பு கிடைச்சதுன்னு சொல்றவங்களும் உண்டு, மொழியும் சொந்தமும் போச்சுன்னு அழறவங்களும் உண்டு. தண்ணிக்கும் இதே கதைதான், 1868 ஒப்பந்தப்படி தண்ணி ஏற்பாடு பண்ற கடமை அரசாங்கத்துக்கு இல்லன்னு 2023ல உச்ச நீதிமன்றம் 5-4னு தீர்ப்பு சொல்லிருச்சு. இது தெரியாம ஒரு பையனை அனுப்பறது தப்புன்னுதான் நான் நினைக்கறேன். பாட்டி "வேணாம்"னு சொன்னா பைபிளை மூடிட்டு விறகை மட்டும் அடுக்கிக் குடுத்துட்டு வர்ற பையன்தான் நல்ல ஊழியக்காரன்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): நம்ம வீரமாமுனிவர் மாதிரி அங்க யாரும் இருந்தாங்களா?

பதில்: இருந்தாங்க! 1898ல பிரான்சிஸ்கன் துறவிகள் அரிசோனாவுல செயின்ட் மைக்கேல்ஸ்ல மிஷன் ஆரம்பிச்சாங்க, பணம் குடுத்தது பின்னாடி 2000ல புனிதர் பட்டம் வாங்கின கேத்தரின் ட்ரெக்சல். 1900ல இளம் துறவியா அங்க வந்த பெரார்ட் ஹெய்ல் வாழ்நாள் பூரா அந்த மொழியோடயே கிடந்தார், சடங்குக்காரங்க பக்கத்துல உக்காந்து பாட்டும் கதையும் கேட்டுக் கேட்டு எழுதினார், 1910ல அந்தத் துறவிகள் சேர்ந்து ஒரு பெரிய நவஹோ அகராதியே போட்டாங்க.

இன்னொருத்தர் பிலிப் ஜான்ஸ்டன், புராட்டஸ்டண்ட் மிஷனரியோட மகன். சின்ன வயசுலயே நவஹோ பிள்ளைங்களோட விளையாடி மொழியைப் பிடிச்சுக்கிட்டார், 1901ல அப்பாவோட வாஷிங்டன் போய் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முன்னாடி நவஹோ தலைவர்களுக்கு மொழிபெயர்த்தப்ப ஒன்பது வயசு இருக்கும். 1942ல இந்த மொழியை வச்சு ராணுவத்துக்கு ரகசியச் சங்கேதம் பண்ணலாம்னு யோசனை சொன்னவரும் அவர்தான். அதை உருவாக்கினது முதல்ல சேர்ந்த 29 நவஹோ வீரர்கள், அந்தப் பெருமை அவங்களோடது.

கேள்வி (கோவை வாசகி): அடுத்த கோடையில அந்தப் பக்கம் போறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகணும்னு ஆசை. ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: கடிகாரத்தைக் கவனிங்க. அமெரிக்காவுல பெரும்பாலான இடத்துல கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வைப்பாங்க, அரிசோனா மட்டும் மாத்தாது, ஆனா நவஹோ தேசம் முன்னாடி வைக்கும், அதுக்கு நடுவுல இருக்கற ஹோபிங்கற இன்னொரு பூர்வகுடி மக்களோட நிலம் மாத்தாது. டூபா சிட்டி நவஹோ ஊர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மோயன்கோபி ஹோபி ஊர், ரெண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். ஆராதனை பத்து மணின்னு சொன்னா எந்த ஊர் பத்துன்னு கேட்டுக்கோங்க, போன் காட்டற நேரத்தை நம்பாதீங்க, டவர் மாறும்போது அதுவும் மாறும். போட்டோ எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க.