பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆல்டி, லிடில் மலிவு என்றால் விலை கூடிய வெய்ட்ரோஸைவிடத் தரமும் குறைவா?

அப்படியில்லை. ஆல்டியும் லிடிலும் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் கடை நடத்தும் விதத்தில்தான்: குறைவான பொருட்கள், அதிலும் பெரும்பாலானவை சொந்த பிராண்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே அலமாரியில் வைப்பது, பில் போடுபவர் தேடாமல் சட்டென்று ஸ்கேன் செய்ய பாக்கெட்டில் பெரிதாக அச்சிட்ட பார்கோடு (பையில் அடுக்க நமக்குத்தான் நேரம் கிடைக்காது!). பால், மாவு, பாஸ்தா, டின் தக்காளிக்கெல்லாம் வெய்ட்ரோஸில் கூடுதலாகக் கொடுப்பது என்னைக் கேட்டால் தண்டச் செலவு.

முட்டை, இறைச்சி வேறு கதை. வெய்ட்ரோஸ் சொந்த பிராண்டு முட்டை எல்லாமே வெளியில் மேயவிட்டு வளர்த்த கோழிகளுடையது, அந்தக் காசுக்கு அர்த்தமிருக்கிறது. சாசேஜ் எங்கே வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், 42% பன்றி இறைச்சி இருந்தாலே பிரிட்டனில் அதைப் பன்றி சாசேஜ் என்று விற்கலாம், நல்லதில் 90%கூட இருக்கும், அது ஆல்டியிலும் கிடைக்கும்.