கணினித் திரையில் நேராகும் பல் வாயிலும் நேராகுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. மேல்வரிசையில் முன்பற்கள் நெருக்கமாக உள்ளன. கோரைப்பல் ஒன்று திரும்பியிருக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் வாயை ஸ்கேன் செய்து, கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் பல்லுறைகளான அலைனர்கள் 24-ஐ ஒன்றன்பின் ஒன்றாக அணிந்தால் பற்கள் சீராகும் என்று திரையில் காட்டினார்கள். செலவு பற்களில் கம்பி கட்டும் பிரேசஸைவிட அதிகம். காட்டியபடியே நடக்குமா? - ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: முழுவதும் அப்படியே நடக்கும் என்று எண்ணிப் பணம் கட்டாதீர்கள், அதற்காக இந்தச் சிகிச்சையை ஒதுக்கவும் வேண்டாம். ஸ்கேன் தரும் அளவை வைத்துக் கணினி பற்களின் பாதையைச் சிறு படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படியில் பல் நகர்வது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். ஒவ்வொரு படிக்கும் முப்பரிமாண அச்சில் மாதிரி எடுத்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தி அலைனரைச் செய்கிறார்கள். தயாரிப்பு துல்லியமானதுதான். ஆனால் எலும்புக்குள் இருக்கும் வேர் கணினியின் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. இன்விசலைன் என்ற வணிகப் பெயரில் வரும் அலைனர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடே நிகழ்ந்ததாக 2009-இல் கூறியது. 2020-இல் வந்த ஆய்வில் அது 50 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

சாய்ந்த பல்லை நிமிர்த்துவது அலைனருக்கு எளிது. உங்கள் மகளின் கோரைப்பல்தான் எனக்குக் கவலை தருகிறது. அதன் பக்கங்கள் உருண்டிருப்பதால், ஈரக்கையால் போத்தல் மூடியைத் திருகுவதுபோல் பிளாஸ்டிக் வழுக்கும். பிடிமானத்துக்காகப் பல்லின் நிறத்திலேயே சிறு மேடு ஒன்றை ஒட்டுவார்கள். அப்படியும் இடையில் மறுபடி ஸ்கேன் செய்து கூடுதல் அலைனர்கள் தேவைப்படுவது வழக்கம். அந்தக் கூடுதல் தொகுதி சொன்ன கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேளுங்கள். திரும்பிய பல்லை மட்டும் பார்த்தால், பிரேசஸின் கம்பி அதை நன்றாகப் பற்றித் திருப்பும். திட்டம் வகுப்பவர் மலேசியப் பல்மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் உள்ள பல் சீரமைப்பு நிபுணரா என்பதையும் பாருங்கள்.

நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியாவிட்டால் எந்தத் திட்டமும் பலிக்காது. அலைனரோடு தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீரைக் குடிக்கும் பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்; சர்க்கரை உள்ளே தேங்கிப் பல் சொத்தையாகும். தண்ணீர் தவிர எதற்கும் கழற்றத்தான் வேண்டும். சிகிச்சை முடிந்தபின், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தாங்கும் ரிட்டைனரும் அவசியம்.

புது அலைனரைப் போட்டதும் கண்ணாடியில் கோரைப்பல்லின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் இடையே கீற்றாக இடைவெளி தெரிந்து, மாற்றும் நாள் வந்தும் மறையவில்லை என்றால், அடுத்ததற்குப் போகாமல் மருத்துவரை அழையுங்கள்.