பாட்டுப் பெட்டி: கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: டிசம்பர் பிறந்தாலே எங்கள் அப்பா ஜிம் ரீவ்ஸ் கேசட்டைப் போட்டுவிடுவார். போன வாரம் அதே பாட்டுகளை போனில் தேடிக் கேட்டேன். குரல் அதேதான், ஆனால் மனசில் ஒட்டவே இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போனில் ஒரு பாட்டைத் தேடிப் போட்டால், அது முடிந்ததும் வேறு யாரோ பாடிய வேறு எதையோ அதுவாகவே ஓட்ட ஆரம்பித்துவிடுகிறது. நீங்கள் சொல்வது 1963-இல் வந்த 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' ஆல்பமாகத்தான் இருக்கும். அதை முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள். 'ஜிங்கிள் பெல்ஸ்' என்று கலகலப்பாகத் தொடங்கி, நடுவில் போல்கா தாளத்தில் ஒரு ஆட்டமும் போட்டுவிட்டு, கடைசி நாலு பாட்டில் முழுக்க பெத்லகேம் பக்கம் திரும்பி, 'சைலன்ட் நைட்'டில் வந்து நிற்கும். முன்னால் வந்த பதினொன்றையும் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அந்த 'சைலன்ட் நைட்' முழுசாகக் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஜிம் ரீவ்ஸ் ஆரம்பத்தில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர். 1957-இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டில்தான் மைக்குக்கு உதடு உரசுகிற மாதிரி நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலக் குரலைத் தணித்துப் பாடினார். செட் அட்கின்ஸ் என்ற தயாரிப்பாளர் அதற்குத் துணை நின்றார். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பாட்டிலும் அந்த நெருக்கம் இருக்கிறது, கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் கூடுதலாகவே இருக்கிறது. அது வந்த மறு வருஷம், 1964 ஜூலை 31-ஆம் தேதி, தானே ஓட்டிய சிறிய விமானம் விழுந்து நாற்பது வயதில் இறந்துபோனார். இந்த ஒரு ஆல்பம் இருப்பதால் நம் வீடுகளில் வருஷா வருஷம் டிசம்பரில் வந்துவிடுகிறார்.

கேள்வி: 'மேரிஸ் பாய் சைல்ட்' போனி எம் பாட்டுதானே? நண்பர் இல்லை என்று சாதிக்கிறார்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நண்பர் சொல்வது சரி. எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். 1956-இல் ஹாரி பெலஃபான்டே பாடினார், அடுத்த வருஷமே இங்கிலாந்தில் முதலிடம். 1963-இல் ஜிம் ரீவ்ஸ், மேலே சொன்ன அதே ஆல்பத்தில் பாடியிருக்கிறார். 1978-இல்தான் போனி எம் குழு பாடியது. அந்தக் குழுவினர் 'ஓ மை லார்ட்' என்ற புதுப் பகுதியைச் சேர்த்து, டிஸ்கோ தாளம் போட்டு, மறுபடியும் இங்கிலாந்தில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1981-இல் வந்த அவர்களுடைய 'கிறிஸ்துமஸ் ஆல்ப'த்திலும் அது உண்டு. அந்தக் குழுவில் மேடையில் ஆடிய பாபி ஃபாரெலின் குரல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கட்டைக் குரல், தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. அந்தக் குழுவின் பாடகி லிஸ் மிட்செலின் குரல் அவருடையதேதான், அதில் சந்தேகம் வேண்டாம். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், பெலஃபான்டேயில் ஆரம்பியுங்கள். அவர் அவசரப்படாமல் கதை சொல்வார்.

கேள்வி: எல்லாரும் சொல்கிற பாட்டுகள் அலுத்துவிட்டன. நான் கேட்டிருக்கவே வாய்ப்பில்லாத, ஆனால் கேட்டே ஆக வேண்டிய ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.
– ஒரு கல்லூரி மாணவர், சென்னை

பதில்: ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 'எ கிறிஸ்துமஸ் கிஃப்ட் ஃபார் யூ'. 1963 கோடையில், லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில், கொதிக்கிற வெயிலில் பதிவு செய்தது. ஒரு கிடார் போதும் என்கிற இடத்தில் மூன்று நாலு கிடார், பியானோவும் அப்படியே, எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே சமயத்தில் வாசிப்பார்கள். அந்த மொத்தச் சத்தத்தையும் எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்ப எடுப்பார்கள். எந்தக் கருவி எது என்று பிரிக்கவே முடியாது, ஒட்டுமொத்தமாக வந்து மேலே மோதும். மோனோவில், அதாவது இடது வலது என்று பிரிக்காத ஒரே ஒலியாகக் கேளுங்கள், அதற்காகத்தான் செய்தது.

இந்த ஆல்பம் கடைக்கு வந்த தேதி 1963 நவம்பர் 22. அன்றைக்குத்தான் கென்னடி சுடப்பட்டார். அந்த வருஷம் அமெரிக்காவில் கொண்டாட்டப் பாட்டு வாங்க யாருக்கு மனசு வரும்? சரியாக விற்கவில்லை. 1972-இல் பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் ஜனங்கள் இதைக் கண்டுகொண்டார்கள்.

அதில் டார்லீன் லவ் பாடும் 'கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)' பாட்டை மட்டும் தனியாக இன்னொரு தடவை போடுங்கள். ஊரெல்லாம் மணி அடிக்கிறது, அவளுக்கு வேண்டியவன் மட்டும் வரவில்லை. கடைசி அரை நிமிஷத்தில் 'ப்ளீஸ், ப்ளீஸ்' என்று அந்தக் குரல் மேலே மேலே ஏறும், பின்னால் பியானோவை அடித்து நொறுக்குவார்கள். எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. இந்த அம்மாள் 1962-இல் பாடிய 'ஹீஸ் எ ரெபெல்' வேறொரு குழுவின் பெயரில் வெளியாகி முதலிடம் பிடித்தது, அட்டையில் இவர் பெயரே இல்லை. செய்தவர் ஸ்பெக்டர்தான். பிற்பாடு கொலை வழக்கில் தண்டனை பெற்று, 2021-இல் சிறைக் கைதியாகவே இறந்தார். அதனால் இதைக் கேட்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நான் கேட்கிறேன், டார்லீன் லவ்வுக்காக. 1986-லிருந்து 2014 வரை டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தப் பாட்டைப் பாடுவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார். அவருக்குச் சேர வேண்டிய கைதட்டல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கேள்வி: பிங் கிராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' இரண்டு விதமாகக் கிடைக்கிறதே, எது அசல்?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: இரண்டும் அவர் பாடியதுதான். முதலாவது 1942 மே மாதப் பதிவு. அதிலிருந்து இசைத்தட்டுகளை அச்சடித்து அடித்தே மூலத் தகடு தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே இசைக்குழுவையும் பாடகர் குழுவையும் கூட்டி அச்சு அசலாக மறுபடி பதிவு செய்தார்கள். நாம் வழக்கமாகக் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். தொடக்கத்தில் புல்லாங்குழலும், சின்ன மணிகள் போல ஒலிக்கும் செலஸ்டாவும் வந்தால் அது 1947. எனக்குப் பிடித்தது 1942, போர்க்கால ஏக்கம் அதில் அப்படியே இருக்கிறது.

கேள்வி: பரணில் பழைய கிறிஸ்துமஸ் கேசட்டுகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. அப்படியே போட்டுக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, வேளாங்கண்ணி

பதில்: தயவுசெய்து உடனே போடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருந்தால் பூஞ்சை, கடலோர ஊரில் இது சகஜம். அதைப் போட்டால் டேப் ரெக்கார்டரில் நாடாவிலிருந்து பாட்டை எடுக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றவற்றில், நாடா வெளியே தெரிகிற பக்கத்தில் நடுவில் ஒரு மெல்லிய தகடும் அதன்மேல் சின்ன மெத்தைத் துண்டும் இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் பாட்டு மங்கலாகக் கேட்கும், கேசட் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறொரு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் போதும், பாட்டு திரும்பி வந்துவிடும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் நன்றாகத் துடைத்துவிட்டு, பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்து, நாடா எங்கும் ஒட்டவில்லை என்றால் ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் போடும்போதே ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை கம்ப்யூட்டருக்கு இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்துவிடுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளுக்கு அவசரமில்லை, அவை வேறு எங்கேயாவது கிடைக்கும். வீட்டிலோ கோயில் பாடகர் குழுவிலோ யாராவது பாடிப் பதிந்தது இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் இதெல்லாம் 'பழசு' என்று ஓடிவிடுகிறார்கள்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வின்ஸ் குவரால்டி ட்ரியோவின் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' போடுங்கள். 1965-இல் வந்த கார்ட்டூனுக்காகப் போட்ட ஜாஸ் இசை. அதில் பாடும் குழந்தைகள் கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல் ஊர்ச் சர்ச்சின் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். சுருதி அங்கங்கே தட்டும், அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். 'லைனஸ் அண்ட் லூசி' வந்ததும் பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். கார்ட்டூனையே முதலில் காட்டினாலும் நல்லதுதான், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.