பன்னிரண்டு வருட ஃபிரிட்ஜ், கூலிங் இல்லை. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

‘கம்ப்ரஸர் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க’ என்று வந்தவர் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்துச் சோதித்தார்? மல்டிமீட்டரே எடுக்காமல் சொல்லியிருந்தால் அதை நம்பிக் கடைக்குக் கிளம்பாதீர்கள்.

மதுரையில் அம்மா வீட்டு ஃபிரிட்ஜுக்கும் இதையேதான் சொன்னார்கள். ஒற்றைக் கதவு, அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. சர்வீஸுக்கு வந்த பையன் வாசலிலேயே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. நான் விடவில்லை, தெருமுனைக் கடை மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம், லேசான உறுமல், சில நொடியில் மறுபடி ‘டக்’. கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து முடியாமல், ஓவர்லோடு (கரண்டை நிறுத்திக் கம்ப்ரஸரைக் காக்கும் ஸ்விட்ச்) கட் ஆகிற சத்தம் அது. பிளக்கை எடுத்துவிட்டு, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். உள்ளே உடைந்த சில்லு கலகலத்தது. அப்புறம் கம்ப்ரஸரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக எடுத்து, இடையே உள்ள மின்தடையை மீட்டரில் அளந்தார். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சரியாக வர வேண்டும், எந்தப் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. ரிலேயும் ஓவர்லோடும் மாற்றியதோடு வேலை முடிந்தது, செலவு சில நூறு ரூபாய். அந்த ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.

இன்வர்ட்டர் மாடலுக்கு, அதாவது கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறைந்து ஓடுகிற ஃபிரிட்ஜுக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் எலக்ட்ரானிக் போர்டையும் பார்க்க வேண்டும். சர்வீஸ் ஆட்கள் எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். புதிதே வாங்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. குளிர்விக்கிற கேஸ் லீக், அதுவும் ஃபிரிட்ஜின் பக்கச் சுவருக்குள் ஃபோமில் புதைந்த குழாயில் என்றால் நானே புதிதுதான் வாங்குவேன். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அது திரும்பவும் போய்விடும். வெளியே தெரிகிற இடத்தில் லீக் என்றால் அடைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து) கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கிற கேஸ், பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

புது மாடல் கரண்ட் மிச்சம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பில் ரேட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இப்போதைய அபார்ட்மெண்ட் சமையலறைகளில் ஃபிரிட்ஜுக்கு என்று ஒரு பொந்து கட்டி வைக்கிறார்கள், பக்கவாட்டில் கைகூட நுழையாது. நிறைய மாடல்களில் சூடு வெளியேறுவதே ஃபிரிட்ஜின் பக்கச் சுவர் வழியாகத்தான். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சாகாமல் என்ன செய்யும்? பிளான் போடுகிறவர்கள் ஒருநாளாவது சமைத்திருப்பார்களா?

உங்களுடையதில் அந்த ‘டக்’ சத்தம் வருகிறதா, கம்ப்ரஸர் ஓடியும் குளிரவில்லையா? ஓடியும் குளிரவில்லை, ஃபிராஸ்ட் ஃப்ரீ (ஐஸ் தானாகவே உருகும்) மாடல் என்றால் ஃபேனையும் ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.